பால் வெயில்

ஒரகடத்தில் போட்டோ எடுக்க இடமே இல்லை என்று சொல்பவர்கள், கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்கள். நான் நடந்து பார்த்தவள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் எந்த இடத்தில் எந்த நேரம் நின்றால் முகத்தில் வெளிச்சம் சரியாக விழும், எந்தச் சுவருக்கு எந்த நிறச் சுடிதார் எடுப்பாக இருக்கும், எங்கே நின்றால் செக்யூரிட்டி விசில் ஊதுவார், இதெல்லாம் எனக்குத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியும், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் பார்க்க அழகாக இருப்பதெல்லாம் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. கத்தரித்த புல்வெளி, நீரூற்று, வரிசையாகக் கொடிக்கம்பங்கள், பிளாஸ்டிக் உறை கழற்றாத புதுக் கார்கள். வெளியே நின்று கேட்டைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கினால் போதும், காவல் கூண்டிலிருந்து குரல் வரும்.

"ஏம்மா, இது இன்னா பீச்சா? போனை உள்ள வெய்யி."

"பேர்ப் பலகை மட்டும்தான் சார்."

"பேரு மட்டும் இன்னாத்துக்கு? ரேஷன் கார்டுல சேக்கப் போறியா? நவுரு, நவுரு. காத்து வரட்டும்."

அதனால் நான் கண்டுபிடித்த இடங்கள் எல்லாமே கேட்டுக்கு வெளியே உள்ளவை. நான்கு வழிச் சாலையின் நடுவே காகிதப்பூ பூத்துக் கிடக்கும் ஒரு நீளம். மேம்பாலத்துக்கு அடியில், சாயங்கால வெயில் தூண்களுக்கு நடுவே பட்டை பட்டையாக விழும் ஒரு மூலை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது லாரிகள் நிற்கும் திடல். அங்கே கன்டெய்னர்கள் சிவப்பு, நீலம், பச்சை, காவி என்று சுவர் சுவராக நிற்கும். எந்த ஸ்டுடியோவிலும் அவ்வளவு பெரிய திரை கிடையாது. மஞ்சள் சுடிதார் போட்டவளை நீலக் கன்டெய்னர் முன்னால் நிறுத்துவேன். ஒரே சிக்கல், சில நேரம் டிரைவர் வந்து ஏறி வண்டியை எடுத்துவிடுவார். பாதிச் சிரிப்பில் பின்னணி கிளம்பிச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விடும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். செய்யாறு பக்கம் எங்கள் வீடு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஊரில் நான் நிலையாக இருந்ததில்லை. திண்டுக்கல் பக்கம் நூல் மில், தூத்துக்குடியில் இறால் உரிக்கிற வேலை, திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டுதல். நடுவில் ஆரணியில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் லைட் பிடித்தேன். மணப்பெண் முகத்துக்கு லைட்டைக் காட்டியபடி மணிக்கணக்கில் கை தூக்கி நிற்க வேண்டும். தோள்பட்டை போய்விடும், ஆனால் வெளிச்சம் புரிந்துவிடும். எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது, யாரை அழகாக்குகிறது, யாரைக் கெடுக்கிறது என்று அங்கே படித்ததுதான் நான் படித்த ஒரே மேல்படிப்பு.

ஒரகடத்துக்கு வந்து ஒரு பெண்கள் ஹாஸ்டலின் மெஸ்ஸில் சேர்ந்தேன். வந்த புதிதிலேயே என் டச் போன் சாம்பார் அண்டாவில் விழுந்தது. கரண்டியால் எடுத்தோம். சாம்பாரைப் பரிமாறிவிட்டோம், போனைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பட்டன் போன்தான். அதனால் நான் எடுத்த படம் ஒவ்வொன்றும் ஹாஸ்டல் பெண்களின் போன்களில் எடுத்தது. மதியச் சோறு முடிந்து பாத்திரம் கவிழ்த்துவிட்டால் சாயங்காலம் டீ வைக்கும் வரை நான் சும்மாதான். வார விடுமுறைக்காரிகள் யாராவது இரண்டு பேர் வந்து, "யக்கா, இன்னைக்கு எங்க போலாம்?" என்று கேட்பார்கள். உடுப்பைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன், இடத்தைச் சொல்வேன்.

இந்த வட்டாரத்து வெயிலைப் பற்றி அப்போது எனக்கு ஒரு முடிவான கருத்து இருந்தது. இங்கே வெயில் வெள்ளையாக, பால் கலந்த தண்ணீர் மாதிரி விழுகிறது. படத்தில் எதுவும் பளிச்சென்று இருக்காது. கறுப்புக்கூடச் சாம்பலாகத்தான் தெரியும். விளக்கைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினது போல ஒரு வட்டம் இருக்கும். நேரில் பார்த்தால் அப்படி இல்லையே என்று ஒருத்தி கேட்டபோது, "கண்ணு பழகிப்பூடும், போன் பழகாது" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். கட்டட வேலை, லாரிப் புழுதி, காற்றில் எப்போதும் நிற்கும் மெல்லிய மண், இதனால் வரும் வெயில் இது என்று முடிவு கட்டி, அதற்குப் பால் வெயில் என்று பெயரும் வைத்திருந்தேன். பால் வெயிலுக்கு வெளிர் நிற உடுப்பு ஆகாது, சூரியனை முதுகில் வைக்கக் கூடாது என்று விதியெல்லாம் போட்டிருந்தேன். மொத்த ஹாஸ்டலும் என் விதிப்படிதான் போட்டோவுக்கு நின்றது.

ஒரு நாள் மெஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள் தென்காசிக்காரி. சங்கரன்கோவிலையும் தாண்டி ஏதோ ஒரு கிராமம். "நான் தென்காசி இல்லக்கா, அதுக்கும் எங்களுக்கும் எம்புட்டோ தூரம்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள். மாவட்டம் அதுதானே என்று நாங்கள் விடவில்லை. கார் முன்விளக்கு செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. விளக்கின் கண்ணாடிகளைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்து, கீறல், தூசு, மங்கல் இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு கண்ணாடியையே பார்ப்பது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. லைன் லீடர் பயிற்சிக்கு அவள் பெயரை சூப்பர்வைசர் கொடுத்திருந்தார்.

அன்று அவள் முகம் சரியில்லை.

"இன்னாடி, பயிற்சி கேன்சலா?"

"அதெல்லாம் இல்லக்கா. எங்கம்மா என்னைய ஊருக்கு வரச் சொல்லுதா. ஞாயித்துக்கெழமை அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவானாம்."

"மாப்ள பாத்துட்டாங்களா?"

"மாப்ளைன்னாலும் சண்ட போடலாம். இது பொகை." அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில் சொன்னாள். "நான் அனுப்புத போட்டோ எல்லாத்துலயும் பொகையா இருக்காம். ஏட்டி, அது என்ன ஊருட்டி, ஒரே பொகைக்குள்ள நின்னு சிரிக்க, நெஞ்சு என்னத்துக்காவும்னு கேக்கா."

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே தீப்பெட்டி ஆபீஸ் என்று அவர்கள் சொல்லும் ஆலையில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும், குளிர் காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். புகை என்றால் அவரிடம் வேறு பேச்சே எடுபடாது. மகள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டாள். இங்கே புகைக்கூண்டே கிடையாது, எங்கள் கம்பெனிக்குள் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று. அம்மாவுக்குப் படம்தான் சாட்சி. வீடியோ காலில் வந்தாலும் அதே புகை.

"ஒருவாட்டி ஊருக்குப் போயிட்டா பொறவு விடமாட்டாங்கக்கா. எனக்கு முன்ன இந்த ஹாஸ்டல்லேருந்து எங்கூருக்குப் போன ரெண்டு பேரும் திரும்பி வரலை. ஒருத்திக்கு இப்ப கைல பிள்ளை."

"இவ்ளோதானே" என்றேன். "பொகை இல்லாத எடத்துல ஒன்ன நிக்க வெச்சு எடுக்கிறேன். வூட்டுக்கு அனுப்பு. எடம் எனுக்குத் தெரியாதா?"

அப்படித்தான் ஆரம்பித்தோம். அன்றைக்கே அவளைச் சாலை நடுவே காகிதப்பூவுக்குக் கூட்டிப் போனேன். நல்ல ரோஸ் நிறம், பின்னால் மரம், தப்பே வராது. படம் பார்த்தால் பூவெல்லாம் பழைய துணியில் அச்சடித்த பூ மாதிரி வெளுத்துக் கிடந்தது. அம்மாவிடமிருந்து பதில் வந்தது: பூவுக்கே மூச்சு முட்டுது. அடுத்த நாள் லாரித் திடல். ஒரு பச்சைக் கன்டெய்னர் முன்னால் எடுத்தேன். அம்மா கேட்டார்: லாரிப் பொகைக்குள்ள எதுக்குட்டி போய் நின்ன?

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் இடத்தை யாரும் அதுவரை குறை சொன்னதில்லை. "பால் வெயில்டி. கீழ எடுத்தா அப்படித்தான் கீது. மேல போவோம்" என்றேன்.

"கீது, கீதுன்னு பயமுறுத்தாதீங்க யக்கா. எனக்கு ஏதோ பேயி பேரு மாதிரி கேக்கு."

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மெஸ்ஸில் மதிய வேலையை இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டு, குன்றத்தூர் மலைக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் மேடு என்று சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல இடம் அதுதான். படியேறிப் போனால் முருகன் கோவில், சுற்றிலும் காற்று, தூரத்தில் ஏரி, கீழே வீடுகள். புழுதி அவ்வளவு உயரம் ஏறாது என்பது என் கணக்கு. அவள் நீலப் பட்டுப் பாவாடை தாவணி கட்டியிருந்தாள், அம்மா வாங்கிக் கொடுத்தது. மதில் ஓரம் வானம் மட்டும் பின்னால் வரும்படி நிறுத்தி, அவள் போனில் எடுத்தேன். ஒன்று, இரண்டு, கை ஓயும் வரை எடுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். வானம் முழுக்கப் புகை. அவள் தலையைச் சுற்றிச் சாம்பிராணி போட்ட மாதிரி.

"பொகை என் கூடவே வருதுக்கா" என்றாள். "ஊர்ல இல்ல போலுக்கு. என் மூஞ்சிலதான் இருக்கு."

நான் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தேன். 

அப்போதுதான் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி வந்தது. அன்றுதான் கல்யாணம் முடிந்திருக்க வேண்டும், மாப்பிள்ளையின் வேட்டியில் மஞ்சள் கறை. சொந்தக்காரர்கள் எல்லாம் கீழே சாப்பாட்டுக்கு ஓடிவிட்டார்கள் போல. மாப்பிள்ளை என்னிடம் போனை நீட்டினார். "அக்கா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. இவ சாப்புடாம நிக்கிறா, மூஞ்சி இன்னும் சுருங்கறதுக்குள்ள எடுத்துருங்க."

"யோவ், எடுக்கும்போது சிரிக்க வெக்காத" என்றாள் பெண்.

அதே மதில். அதே வெயில். நான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது. நல்ல, கனத்த, தோய்த்து எடுத்த நீலம். மாலையில் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த வட்டாரத்துக்கு வந்த பிறகு அந்த நீலத்தை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. ஆரணியில் பார்த்த நீலம் அது.

மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "காஸ்ட்லி போனு" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது ஒட்டவில்லை. தென்காசிக்காரியின் போனும் மலிவு இல்லை, ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கியது.

அவள் எழுந்து வந்தாள். தன் போனைத் திருப்பிப் பிடித்தாள். ஷிப்டில் விளக்குக் கண்ணாடியைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, முகத்துக்கு நேரே கொண்டுவராமல், சற்றே சாய்த்து, வெயில் அதன் மேல் வழுக்கிப் போகும்படி வைத்துப் பார்த்தாள். அவள் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகமே வேறு ஆளுடையது.

"யக்கா" என்றாள் மெதுவாக. "இது ஹேஸ்."

"அப்படின்னா?"

"எங்க லைன்ல சொல்லுதது. கண்ணாடி உடையலை, கீறலை, ஆனா மேல மங்கலா ஒரு படலம் நிக்கும். நேரா பாத்தா தெரியாது, சாச்சாத்தான் தெரியும். ஹேஸ் இருந்தா ரிஜெக்ட்." போனை என் முகத்தருகே நீட்டினாள். "பாருங்க. ரிஜெக்ட் பீஸை நான் பையில வச்சுக்கிட்டு அலையுதேன்."

கேமராக் கண்ணாடியின் மேல் வட்டமாக, விரல் நகத்தில் ஒட்டிய பசை மாதிரி, ஒரு படலம். எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. கம்பெனிக்குள் போகும்போது கேட்டில் போனை வாங்கி, முன்னாலும் பின்னாலும் கேமராவின் மேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டித்தான் திருப்பிக் கொடுப்பார்கள். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் நகத்தால் சுரண்டி எடுத்து, கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவார்கள். எங்கள் ஹாஸ்டல் மாடிப்படிக் கைப்பிடி முழுக்க அந்த ஸ்டிக்கர்தான், தினமும் அதைப் பிடித்துத்தான் நான் மேலே ஏறுகிறேன். ஸ்டிக்கர் கைப்பிடிக்கு வந்துவிட்டது. பசை மட்டும் அவரவர் கேமராவிலேயே தங்கிவிட்டது. நாளுக்கு ஒரு பூச்சாக.

பால் வெயில் என்று நான் பெயர் வைத்துக் கொண்டாடியது அந்தப் பசையைத்தான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்தில் தேங்காய் பொறுக்க வந்த குரங்குகூட நின்று பார்த்தது. பிறகு வேலையைப் பார்த்தோம். தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் பசை இன்னும் பரவியது. "எண்ணெ வோணும்" என்றேன். மெஸ்ஸில் சம்படத்தில் ஒட்டிய லேபிளை நான் அப்படித்தான் எடுப்பேன். மலை மேல் எண்ணெய்க்கு எங்கே போவது? அவளைத் திருப்பி உட்கார வைத்து, காலையில் அப்பிக்கொண்டு வந்த தேங்காயெண்ணெய் தலையிலேயே போனைத் தேய்த்தேன். பசை கரைந்தது, இப்போது கண்ணாடி முழுக்க எண்ணெய். சன்னிதியில் கொடுத்த விபூதியை மடித்து வைத்திருந்தாள். அதில் ஒரு சிட்டிகை போட்டு விரலால் எண்ணெயை ஒத்தி எடுத்து, தாவணி முனையால் துடைத்தேன்.

"சாமி கோச்சுக்கிடாதுல்லா?"

"போட்டோ நல்லா வந்தா கோச்சிக்காது."

அதே மதிலில் மறுபடி நிறுத்தினேன். நீலம் வந்தது. பட்டுப் பாவாடைக்கு ஜரிகை இருப்பதே அப்போதுதான் படத்தில் தெரிந்தது. கீழே இறங்குவதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் படியில் இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

பஸ் படப்பை தாண்டும்போது அவள் அண்ணன் பேசினான். ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அம்மாவுக்கு வரும் படமெல்லாம் அவன் போனில்தான் வரும். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, ஃபில்டர் போட்டா எல்லாம் நீலமாத்தான் தெரியும். எனக்குத் தெரியாதா? என் ஆட்டோவையே நான் விமானம் மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். அம்மைய ஏமாத்தலாம், என்னைய ஏமாத்த முடியாது."

"யண்ணே, ஃபில்டரு இல்லண்ணே, பசைண்ணே."

"பசையா? என்ன பசை?"

"ஸ்டிக்கர் பசை."

"சரி, சரி. ஞாயித்துக்கெழமை வாரேன். துணிமணிய எடுத்து வையி." பின்னாலிருந்து அம்மாவின் குரல் இருமலோடு கேட்டது. "மலைல பொகை இருக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீ வேல பாக்குத எடத்தைக் காட்டுட்டி."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளை விட்டுவிட்டேன். எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. நல்ல படத்தை நம்பாதவர்களுக்கு இன்னொரு நல்ல படம் அனுப்பிப் பயனில்லை. கல்யாண வீட்டில் கேமராவை நம்பாத கிழவர்கள் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு லைட் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை காட்டுவார் எங்கள் போட்டோகிராபர். பிறகு வாயைத் திறக்கமாட்டார்கள்.

"நாளிக்கி ஃபர்ஸ்ட் ஷிப்டா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா."

"வெளிய வரும்போது ஸ்டிக்கரை எடுக்காத. அப்படியே எடுத்துக்கினு வா."

ஸ்டிக்கரோடு எங்கே போக வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு மூன்று விஷயம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும்: கம்பெனி, வானம், தூரம். தூரம் இல்லாத இடத்தில் புகை போனதா இல்லையா என்று சொல்ல முடியாது. சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஏரிக்கரை. கரை மேல் நின்றால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீலக் கூரை போட்ட கம்பெனிகள் வரிசையாகத் தெரியும். அது படத்துக்கு ஆகாத இடம் என்று நான் எப்போதோ ஒதுக்கியிருந்தேன். பிற்பகலில் வெயில் நேராகக் கேமராவுக்குள் அடிக்கும், என் விதிப்படி நிற்கவே கூடாத இடம். இப்போது எனக்கு வேண்டியது அதுதான். வெயில் எதிரே இருந்தால்தான் பசை முழுப் புகையாகக் காட்டும். நல்ல இடம் தேடி இத்தனை அலைந்தவள், அன்றைக்கு மோசமான இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்தேன்.

சனிக்கிழமை யூனிபார்மோடு வந்தாள். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, கரை மேல் ஏறினோம். ஹாஸ்டலிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் தேங்காயெண்ணெயும், மீந்த விபூதியும் கொண்டுபோயிருந்தேன். ஏரியில் தண்ணீர் பாதி. கரைச் சரிவில் எருமைகள் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. எருமைக்காரம்மா குடையை விரித்து உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்காசிக்காரி வீடியோ கால் போட்டாள். அண்ணன் எடுத்தான். பக்கத்தில் அம்மா.

"ஒண்ணும் தெரியலையே. ஒரே இருட்டா இருக்கு" என்றார் அம்மா.

"இருட்டு இல்லம்மா, ஸ்டிக்கர். கம்பெனி கேட்ல ஒட்டுவாங்கன்னு சொன்னேன்லா? இப்ப எடுக்கேன். போனை வச்சிராத." நகத்தால் சுரண்டினாள். அவளிடம் சொல்லியிருந்தபடி நான் ஸ்டிக்கரை வாங்கி, அதன் பசைப் பக்கத்தைக் கண்ணாடியில் இன்னும் இரண்டு முறை ஒத்தி எடுத்தேன்.

"ஆ, பாத்தியா, பொகை" என்றார் அம்மா. குரலில் வெற்றி. "அண்ணன் வாரான். பேசாம கெளம்பு."

"எம்மா, அப்படியே பாத்துக்கிட்டே இரு. கண்ண எடுக்காத."

நான் ஒரு விரலை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். விபூதி வைத்து ஒத்தினேன். அவள் துப்பட்டாவால் துடைத்தாள். எங்கள் பக்கம் எதுவும் மாறவில்லை. அதே ஏரி, அதே வெயில். ஊரில் மட்டும் புகை கலைந்திருக்க வேண்டும்.  அண்ணனின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

பிறகு அண்ணன் சொன்னான். "ஏட்டி... ஃபில்டர இப்படி நடுவுல மாத்த முடியாதே."

நான் போனை வாங்கி, வெயிலுக்கு எதிராகவே வைத்து மெதுவாகச் சுற்றினேன். தண்ணீர், நீலக் கூரை, அதற்கு மேலே சுத்தமான வானம், கரை, சரிவு.

"நில்லு" என்றார் அம்மா. "அது என்னது? அந்தக் கறுப்பு?"

"எருமைம்மா."

"பக்கத்துல போ."

போனோம். எருமை தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது.

"மூக்கைக் காட்டு."

நான் குனிந்து எருமையின் மூக்குக்கு நேரே போனைப் பிடித்தேன். ஆரணியில் மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு பணிந்து லைட் பிடித்ததில்லை. எருமைக்காரம்மா குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா நீங்க? மாடு வாங்க வந்தீங்களா? விக்கிறதுக்கு இல்ல."

"வாங்கலம்மா, பாத்துக்கினு போறோம்."

"பாத்துக்கினுன்னா? வீடியோவுல பொண்ணு பாக்கற மாதிரியா?"

ஊரில் அதைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பில் இருமல் வந்தது, இருமி முடித்துவிட்டுக் கேட்டார். "அந்தக்காகிட்ட கேளு. மாட்டுக்கு இருமல், சளி எதாவது வருதான்னு."

கேட்டோம். எருமைக்காரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எம்மாட்டுக்கா? எதுக்கு சளி வருது? அது மூச்சு வுட்டா அக்கரைக்குக் கேக்கும். இங்கயே பொறந்து இங்கயே மேயுது. ஒனக்கு வேணும்னா சளி வரும், எம்மாட்டுக்கு வராது."

 அம்மா அண்ணனிடம் பேசுவது கேட்டது. "மாடு பொய் சொல்லாதுல. பொகை உள்ள எடத்துல மாடு மொதல்ல மூக்கொழுகும். இது நல்லா திங்குது." எங்கள் பக்கம் திரும்பினார். "சரிட்டி. அவன் வரலை. நீ பொங்கலுக்கு வா. வந்துட்டு, பொறவு போ."

தென்காசிக்காரி யூனிபார்ம் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் மூக்கு ஒழுகியது.

நான் போனை அவள் முகத்துக்குத் திருப்பினேன். "ஆமா" என்றார் அம்மா, இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்ததால். "நீ ஏன் இப்படி எளைச்சுக் கெடக்க? கண்ணுக்குக் கீழ என்ன கறுப்பு? பொகை இருந்தப்பகூட நீ நல்லா இருந்தியே. அந்த எருமையப் பாத்துத் திங்கப் படி."

அதற்கு எங்களிடம் விபூதி இல்லை. மெஸ் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்பதால் நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அவள் கேட்டில் போனை நீட்டும்போது, பஸ் டிக்கெட்டிலிருந்து கேமரா அளவுக்கு வெட்டிய ஒரு காகித வட்டத்தையும் நீட்டினாள். முதலில் காகிதம், அதன் மேல் ஸ்டிக்கர் என்று. செக்யூரிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "இது இன்னாது புச்சா? ரூல்ஸ்ல பேப்பர் இல்லியே." அவள் விடவில்லை. "ஸ்டிக்கர்தான் சார் ரூல்ஸ். ஒட்டுங்க, நல்லா அமுக்கி ஒட்டுங்க. அடியில என்ன இருக்குன்னு ரூல்ஸ் சொல்லலைல்லா?" அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேறு வழியில்லாமல் ஒட்டிக் கொடுத்தார். இப்போது எங்கள் ஹாஸ்டலில் எல்லாரும் காகித வட்டம் வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். அவள் பயிற்சி முடித்து லைன் லீடர் ஆகிவிட்டாள். தன் லைனில் புதிதாக வருகிறவர்களுக்கு ஹேஸ் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க முதலில் அவரவர் போனைத்தான் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறாளாம்.

எனக்குத்தான் வேலை கூடிவிட்டது. என் விதிகள் எல்லாம் பசைக்குப் போட்ட விதிகள். ஒதுக்கிய இடங்களையெல்லாம் எண்ணெய் பாட்டிலோடு போய் மறுபடி பார்த்தேன். பாதிக்கு மேல் நல்ல இடங்கள். மேம்பாலத்து மூலை நான் நினைத்ததைவிட அழகு. கன்டெய்னர் சிவப்பு இப்போது கண்ணைப் பறிக்கிறது. வெளிர் நிற உடுப்புக்காரிகளுக்கு நான் போட்டிருந்த தடையை நீக்கிவிட்டேன்.

ஆனால் வீட்டில் சண்டை, நம்பமாட்டேன் என்கிறார்கள், கூட்டிப் போக வருகிறார்கள் என்று யாராவது வந்தால், உடுப்பையும் பார்ப்பதில்லை, வானத்தையும் பார்ப்பதில்லை. அவர்களே இடத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். "யக்கா, அந்த எருமை எடம்." ஹாஸ்டலில் அதற்கு அப்படித்தான் பெயர். எருமைக்காரம்மா எங்களைத் தூரத்தில் கண்டதுமே மாட்டின் முகத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைக்கிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "மாட்டையே எடுக்கிறியே, என்னையும் ஒண்ணு எடேன். மருமவளுக்கு அனுப்பணும்" என்றார். குடையை மடக்கி, ஏரியைப் பின்னால் வைத்து, வெயில் முகத்தில் விழும்படி நிறுத்தி எடுத்தேன். அதற்கு முன்னால் அவர் போனை வாங்கி, சாய்த்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். சுத்தமாக இருந்தது.